பழைய ராணுவ ஜீப்புக்கு மின்சார மோட்டார்: பண்ணை வேலைக்குத் தயார் செய்யும் முறை

பல கிராமங்களில் களத்துமேட்டு ஓரத்திலோ, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலோ ஒரு பழைய ஜீப் நிற்பதைக் காணலாம். அந்த நாளில் ஏலத்தில் எடுத்தது. சில காலம் நன்றாக உழைத்தது. பிறகு பெட்ரோல் செலவு கட்டாமலும், உதிரி பாகம் கிடைக்காமலும் ஓரங்கட்டப்பட்டது. இரும்புக் கடைக்குப் போட மனம் வராமல் வைத்திருப்பவர்கள் உண்டு. இப்போது பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின் மோட்டாரும் பாட்டரியும் வைத்து ஓட்டும் முறை வந்துள்ளது. இதைச் சரியாகச் செய்தால் உரமூட்டை, தீவனம், நாற்று, பால் கேன் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல அமைதியான, புகையில்லாத வண்டி கிடைக்கும். தவறாகச் செய்தால் பணமும் போகும், உயிருக்கும் ஆபத்து. எனவே வேலையைத் தொடங்குமுன் முழு விவரத்தையும் அறிந்துகொள்வது நல்லது.

ஜீப்பும் ஒரு லாரியே

ஜீப்பை நாம் கார் வகையில் சேர்த்துப் பேசினாலும், அமெரிக்க ராணுவப் பதிவேட்டில் அதன் பெயர் ‘கால் டன் டிரக்’ என்பதாகும். 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் பாண்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரி வண்டியை ராணுவத்திடம் ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகள் 1945 வரை ஏறத்தாழ 6 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகளைச் செய்தன. போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே வில்லிஸ் கம்பெனி விவசாயிகளுக்கென ஒரு ஜீப்பை வெளியிட்டது. கலப்பை இழுக்கவும், பெல்ட் போட்டு இயந்திரம் ஓட்டவும் அதைப் பயன்படுத்தலாம் என்று விளம்பரம் செய்தார்கள். இந்தியாவில் 1947இல் மகிந்திரா கம்பெனி ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. ஒன்றிய அலுவலகம், வனத்துறை, காவல்துறை எல்லாம் ஜீப்பில் ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும்.

போர்க்கால ஜீப்பின் எஞ்சின் 2,199 சி.சி. கொள்ளளவும் 60 குதிரைசக்தியும் கொண்டது. கியர் பாக்ஸில் முன்னோக்கி மூன்று கியர்கள். அதன் பின்னால் நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் துணைப் பெட்டி. இதில் ‘லோ’ கியர் போட்டால் வேகம் பாதியாகக் குறைந்து, இழுக்கும் பலம் ஏறத்தாழ இரு மடங்காகும். இந்த அமைப்புதான் மின்சார மாற்றத்துக்குப் பெரிய உதவி. எஞ்சினை மட்டும் எடுத்துவிட்டு, கிளட்ச், கியர் பாக்ஸ், துணைப் பெட்டி, இரு ஆக்சில்கள் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

எந்த வண்டியை மாற்றலாம்?

எல்லா வண்டியும் இதற்கு ஏற்றதல்ல. அசல் எஞ்சினும், எண் பொறித்த தகடுகளும், பாடியும் மாறாமல் இருக்கும் போர்க்கால ஜீப்புக்குப் பழமையால் வரும் மதிப்பே அதிகம். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அசல் நிலை மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. எஞ்சினை மாற்றிய வண்டிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. எனவே எஞ்சின் ஏற்கெனவே வெடித்துப்போனதோ, வேறு எஞ்சின் பொருத்தப்பட்டதோ ஆன வண்டியையே மாற்றத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். அசல் எஞ்சினை எடுக்க நேர்ந்தாலும் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் எண்ணெய் பூசி, மூடிப் பத்திரப்படுத்த வேண்டும். சேஸில் புதிய துளை போடாமல், இருக்கும் போல்ட் துளைகளிலேயே மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் பொருத்தினால் பிற்காலத்தில் பழையபடி மாற்ற முடியும்.

தினமும் 30, 40 கிலோமீட்டருக்குள் ஓடி, இரவு ஒரே இடத்துக்குத் திரும்பும் வண்டிக்கே இந்த மாற்றம் பொருந்தும். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு இவ்வளவு முதலீடு வீண். தினமும் வெளியூர்ச் சந்தைக்கு 100 கிலோமீட்டர் போகிறவருக்கும் இது உதவாது.

முதலில் பழுது, பிறகு மோட்டார்

பலர் செய்யும் தவறு, மோட்டாரையும் பாட்டரியையும் முதலில் வாங்கிவிடுவது. பணம் அதில் தீர்ந்தபின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பழையபடியே நின்றுவிடும். பழுது வேலையை முழுதாக முடித்த பிறகே மின் வேலையில் இறங்க வேண்டும்.

சேஸ்: பாடியைக் கழற்றி, சேஸைச் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். ஸ்பிரிங் தாங்கிகள், முன் குறுக்குச் சட்டம், எஞ்சின் தாங்கி ஆகிய இடங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் இடமூலையிலிருந்து பின் வலமூலைக்கும், முன் வலமூலையிலிருந்து பின் இடமூலைக்கும் நூல் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையெனில் சேஸ் கோணியிருக்கிறது என்று பொருள். தரைத் தகட்டின் அடியில் உள்ள உள்ளீடற்ற பட்டைகளில் தண்ணீர் தங்கித் துரு ஏறியிருக்கும். மேலே பெயிண்ட் பளபளப்பதை நம்பக் கூடாது.

ஸ்டியரிங்: ஜீப்பின் நடுவில் உள்ள திருப்புக் கரம் தேய்ந்தாலும், முன் சக்கர முட்டியின் பேரிங்குகள் தேய்ந்தாலும், ஒரு வேகத்துக்கு மேல் முன் சக்கரங்கள் நடுங்கத் தொடங்கும். இதற்கு மாற்றுப் பாகம் போடுவதே வழி. முறுக்கி இறுக்கிச் சமாளிப்பது சில நாள்தான் தாங்கும்.

பிரேக்: போர்க்கால ஜீப்பின் நான்கு சக்கர பிரேக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் வழியில் இயங்குவது. எங்காவது ஓர் இடத்தில் கசிந்தால் நான்கும் செயலிழக்கும். எனவே எல்லா ரப்பர் வாஷர்களையும், ரப்பர் குழாய்களையும், துருவேறிய இரும்புக் குழாய்களையும் மாற்றிவிட்டு, முன்னும் பின்னும் தனித்தனியாக இயங்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவது உயிர் காக்கும் செலவாகும். இந்த ஜீப்பின் பிரேக்குக்கு எஞ்சின் வெற்றிடத்தின் உதவி இல்லை. ஆதலால் எஞ்சினை எடுத்தாலும் மிதியின் கனம் மாறாது. ஆனால் வெற்றிட உதவியோ காற்று பிரேக்கோ உள்ள பெரிய ராணுவ லாரிகளில் எஞ்சினை எடுத்தவுடன் அந்தப் பலமும் போய்விடும். அவற்றுக்கு மின்சாரத்தில் ஓடும் தனிப் பம்பு வைத்தாக வேண்டும்.

கியர் பாக்ஸ்: ஆயில் சீல்களை மாற்றி, பழைய எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெயில் பித்தளைப் பொடி மின்னினால் உள்ளே தேய்மானம் என்று அறியலாம். பித்தளைப் பாகங்கள் உள்ள இந்தப் பழைய கியர் பாக்ஸுக்கு ஜி.எல். 4 தர எண்ணெயே ஏற்றது. மோட்டார் சத்தமின்றி ஓடுவதால், எஞ்சின் இரைச்சலில் இதுவரை மறைந்திருந்த பேரிங் சத்தமெல்லாம் இனிமேல் கேட்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

60 குதிரைக்குப் பதில் 20 குதிரை போதுமா?

இது பலரும் கேட்கும் கேள்வி. 60 குதிரைசக்தி என்பது எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது மட்டும் கிடைப்பது. பண்ணையில் அந்த வேகத்தில் யாரும் ஓட்டுவதில்லை. பெட்ரோல் எஞ்சின் ஓரளவு வேகம் எடுத்த பிறகே இழுக்கும். மின் மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழுப் பலத்துடன் இழுக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களும் சரக்குமாக 1,500 கிலோ எடையுள்ள ஜீப், சமமான சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, மோட்டாருக்கு ஏறத்தாழ 6 கிலோவாட், அதாவது 8 குதிரைசக்தி போதும். அப்போது டாப் கியரில் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்று சுற்றும். பம்புசெட் மோட்டார்கள் பலவற்றின் வேகமும் ஏறத்தாழ இதுவே. ஐந்தடி போனால் ஓரடி ஏறும் செங்குத்தான மேட்டில், துணைப் பெட்டியை ‘லோ’வில் வைத்து இரண்டாம் கியரில் ஏறினால், மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசை 90 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கும். பழைய எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 142 நியூட்டன் மீட்டர். ஆகவே தொடர்ந்து 15 கிலோவாட், அதாவது 20 குதிரைசக்தி தரக்கூடியதும், சிறிது நேரம் 30 கிலோவாட் வரை தாங்கக்கூடியதுமான ஏ.சி. இண்டக்ஷன் மோட்டார் தாராளமாகப் போதும்.

இதைவிடப் பெரிய மோட்டார் போட்டால் வண்டி பறக்கும் என்று எண்ணுவது தவறு. பழைய கியர் பாக்ஸின் பல்லும் ஆக்சில் தண்டும் பழைய எஞ்சினின் பலத்துக்கென்றே அளந்து செய்யப்பட்டவை. கண்ட்ரோலரில் முறுக்குவிசையை 140 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தி வைக்க வேண்டும்.

பாட்டரியின் அளவும் எடையும்

வண்டி கிலோமீட்டருக்கு 200 முதல் 250 வாட்-மணி, அதாவது கால் யூனிட் வரை எடுக்கும் என்று கணக்கிடலாம். சேற்றிலும் மணலிலும் இது இரட்டிப்பாகலாம். 3.2 வோல்ட் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 30ஐ வரிசையாக இணைத்தால் 96 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொன்றும் 160 ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் ஏறத்தாழ 15.4 யூனிட். இதில் ஐந்தில் நான்கு பங்கையே எடுத்தால் பாட்டரி நீண்டநாள் வரும். அப்படிப் பார்த்தால் 50 கிலோமீட்டர் ஓடலாம்.

இந்தப் பாட்டரி, பெட்டியோடு சேர்த்து 120 முதல் 140 கிலோ இருக்கும். இதே அளவு மின்சாரத்தை ஈய-அமில பாட்டரியில் வைத்தால் ஏறத்தாழ 450 கிலோ ஆகும். விலை மலிவு என்று அதை வாங்கினால் வண்டி தன் பாட்டரியைச் சுமக்கவே உழைக்கும்; சரக்குக்கு இடமிராது.

பழைய வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் ஆக்சில், பின் ஆக்சில் எடைகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். கழற்றும் எஞ்சின், ரேடியேட்டர், டாங்க், சைலன்சர் ஆகியவற்றையும் நிறுத்து எழுத வேண்டும். புதிதாக ஏற்றுவது இதைவிட அதிகமாகக் கூடாது. செல்களில் ஒரு பாதியை முன்னே மோட்டாருக்கு மேலும், மறுபாதியைப் பின் ஆக்சிலுக்கு முன்னால் தாழ்வாகவும் வைத்தால் எடை சமமாகப் பரவும். பெட்டிகளைத் தரைத் தகட்டில் அல்லாமல் சேஸிலேயே போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வாய்க்கால் தாண்டும் வண்டி என்பதால் எதுவும் ஆக்சில் மட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது.

மோட்டாரை இணைக்கும் தட்டு

மோட்டாரையும் கியர் பாக்ஸையும் சேர்க்கும் தட்டுதான் லேத் பட்டறையில் மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டிய பாகம். மோட்டார் தண்டின் மையமும் கியர் பாக்ஸ் தண்டின் மையமும் இம்மியளவும் விலகக் கூடாது. டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல், கண் மட்டத்தில் பொருத்தினால் சில வாரத்தில் சீலும் பேரிங்கும் போய்விடும். கழற்றும் முன்பே, எஞ்சின் முகப்பிலிருந்து ஃபிளைவீல் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். புதிய அமைப்பிலும் அதே தூரம் இருந்தால்தான் கிளட்ச் சரியாகப் பிடித்து விடும். கியர் பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் சிறிய புஷ்ஷைப் புதிய இணைப்பிலும் வைக்க மறக்கக் கூடாது.

பம்புசெட் பெட்டியை இதற்குப் போடக் கூடாது

96 வோல்ட்தானே, வீட்டு மின்சாரத்தில் பாதிகூட இல்லையே என்று அலட்சியம் கூடாது. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் ஆபத்தானதாகவே கருதப்படுகிறது. பம்புசெட்டுக்கு வரும் மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு வந்து போவதால், சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அணையும். நேர்மின்சாரத்தில் அந்தப் பொறி அணையாமல் தொடர்ந்து எரியும். ஆகவே பம்புசெட் ஸ்டார்ட்டரின் காண்டாக்டரையும் ஃபியூஸையும் இதற்குப் போடக் கூடாது. நேர்மின்சாரத்துக்கென்றே செய்தவற்றை வாங்க வேண்டும்.

ஃபியூஸ் பாட்டரியின் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் அவசரமாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் கருவி இல்லாமல் லித்தியம் பாட்டரியை ஓட்டவே கூடாது. கேபிள் 50 சதுர மில்லிமீட்டர் செம்புக்குக் குறையக் கூடாது.

பழைய ஜீப்பில் விளக்கு, ஹாரன் எல்லாவற்றுக்கும் சேஸே ஒரு கம்பியாகப் பயன்படும். அதே பழக்கத்தில் 96 வோல்ட் பாட்டரியின் ஒரு முனையைச் சேஸில் இணைத்துவிடக் கூடாது. அதன் இரு கம்பிகளும் சேஸைத் தொடாமல் தனியே ஓட வேண்டும். விளக்குகளுக்கு 96 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் தனிக் கருவி வைக்கலாம். போர்க்கால ஜீப்பின் விளக்குகள் 6 வோல்ட்டுக்கானவை. ஆதலால் பல்பு, ஹாரன் ஆகியவற்றை மாற்ற வேண்டும்.

சுவிட்சை அணைத்த பிறகும் கண்ட்ரோலருக்குள் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட்டே வேலை செய்ய வேண்டும். இந்தப் பகுதியைப் பயிற்சி பெற்ற மின் தொழிலாளியிடம் விடுவதே சரி.

கியரில் நிறுத்தும் பழக்கம் ஆபத்து

பெட்ரோல் வண்டியை மேட்டில் நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டு இறங்குவது பலருக்கும் பழக்கம். எஞ்சினின் அமுக்கம் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மின் மோட்டாரில் அந்த அமுக்கம் இல்லை. மின்சாரம் நின்றதும் மோட்டார் ராட்டினம்போல் சுழலும். கியரில் இருந்தாலும் வண்டி சரிவில் உருண்டு ஓடும். ஏரிக்கரையிலும் கிணற்று மேட்டிலும் நிறுத்திய வண்டியின் பின்னால் பிள்ளைகள் விளையாடுவதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜீப்பின் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. துணைப் பெட்டியின் பின்பக்கத்துத் தண்டில் இருக்கிறது. அந்தத் தண்டின் மூட்டு முறிந்தால் கைபிரேக்கும் பயனற்றுப் போகும். எனவே கைபிரேக் பட்டையைப் புதுப்பிப்பதோடு, வண்டியிலேயே இரண்டு மரக் கட்டைகளை வைத்துக்கொண்டு, நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்துக்கு அடைகொடுக்க வேண்டும். வண்டியைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டும்.

சோதனை ஓட்டம்

நான்கு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, மெதுவாக மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய எஞ்சின் சுற்றிய அதே திசையில் சுற்ற வேண்டும். இல்லையேல் முன்னோக்கி ஒரு கியரும் பின்னோக்கி மூன்று கியருமாக முடியும். கண்ட்ரோலரில் திசையை மாற்றி அமைக்கலாம். பிறகு பண்ணைக்குள்ளேயே காலி வண்டியாக ஓட்டி, பிரேக்கைச் சோதித்து, ஒரு கிலோமீட்டருக்குப் பின் கேபிள் முனைகள் சூடேறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சூடேறிய முனை தளர்ந்த முனை. 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுப்பைப் போட்டு ஓட்டினால் கியர்கள் வீணாகும்.

சார்ஜும் செலவும்

3 கிலோவாட் சார்ஜர் இருந்தால் வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் ஐந்தாறு மணி நேரத்தில் முழுவதும் ஏறும். பிளக்குக்குத் தனி வயரும், நல்ல எர்த்தும், கசிவு கண்டு துண்டிக்கும் பிரேக்கரும் வேண்டும். பாசனப் பம்புசெட்டுக்கென்று கொடுக்கப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது விதிமீறல். வீட்டு மின் இணைப்பையோ, சூரிய மின் தகட்டையோ பயன்படுத்தலாம். 3 கிலோவாட் தகடு வெயில் நாளில் ஏறத்தாழ 12 யூனிட் தரும்.

பழைய ஜீப் ஒரு லிட்டர் பெட்ரோலில் 7, 8 கிலோமீட்டர் ஓடும். அதே தூரத்துக்குச் சார்ஜ் நட்டத்தையும் சேர்த்து இரண்டரை யூனிட் வரை போதும். இன்றைய பெட்ரோல் விலையையும் யூனிட் கட்டணத்தையும் வைத்து, மாதம் ஓடும் தூரத்தால் பெருக்கிப் பார்த்து, போட்ட முதல் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று ஒவ்வொருவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வைக்கோல் போர் அருகிலும், பருத்தி, தேங்காய் நார் குவித்த இடத்திலும் சார்ஜ் ஏற்றக் கூடாது. கோடையில் வெயிலில் நின்று சூடேறிய வண்டியை நிழலில் ஆறவிட்டுப் பிறகே சார்ஜ் போட வேண்டும். எலி கேபிளைக் கடிப்பது பண்ணையில் சாதாரணம்; கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டு, வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். பாட்டரியில் புகை வந்தால் ஆட்கள் விலகி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

அனுமதி பெற வேண்டும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவான வண்டியின் அமைப்பை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி தேவை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்று உள்ள மாற்றுச் சாதனத்தையே பொருத்த வேண்டும். மாற்றம் முடிந்தபின் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் ‘மின்சாரம்’ என்று திருத்தப்பட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகையால் சாதனம் வாங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்வது அவசியம். பதிவுப் புத்தகமே இல்லாத ஏல வண்டியை மலிவு என்று வாங்கி, பிறகு அலைவதில் பயனில்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. சேஸ், ஸ்டியரிங், பிரேக் பழுது முடிந்த பிறகே மோட்டார் வாங்க வேண்டும்.

2. கழற்றிய எடைக்கு மேல் ஏற்றக் கூடாது.

3. முறுக்குவிசை பழைய எஞ்சினின் அளவைத் தாண்டக் கூடாது.

4. நேர்மின்சாரத்துக்கான ஃபியூஸும் காண்டாக்டருமே போட வேண்டும். சேஸில் 96 வோல்ட் படக் கூடாது.

5. கியரை நம்பி மேட்டில் நிறுத்தக் கூடாது. கைபிரேக்கும் அடைகட்டையும் கட்டாயம்.

6. அசல் எஞ்சினைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இவற்றைக் கடைப்பிடித்தால், கொட்டகைக்குப் பின்னால் துருவேறும் வண்டி இன்னும் பல ஆண்டுகள் பண்ணைக்கு உழைக்கும்.